ஓடிய தூரமும் உழைத்த வகையும்

உழவர் மாடு வாங்கும் முறை பழமையானது. சந்தைக்குச் செல்லும் உழவர் முதலில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். அதனால் அதன் வயதை அறிவார். ஆயினும் அவ்வளவில் அமைந்துவிடமாட்டார். நடையைக் காண்பார், குளம்பைத் தூக்கி நோக்குவார், கழுத்தில் நுகத்தடியின் தழும்பு எவ்வாறுள்ளது எனத் தடவிப் பார்ப்பார், இயன்றால் ஏரில் பூட்டிச் சிறிது தூரம் ஓட்டியும் பார்ப்பார். வயது வேறு, உழைத்த உழைப்பு வேறு, எஞ்சியுள்ள ஆற்றல் வேறு என்பது அவருக்குத் தெரியும். ஒருவர் ஓட்டிய மோட்டார் வண்டியை மற்றொருவர் விலைக்குக் கொள்ளும்போதும் இம்மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும்.

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, எந்திரங்களோடு வாழும் ஊர். அங்கே 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்னாற்றல் தரத் தொடங்கியது. 1970-இல் அதன் திறன் 600 மெகாவாட் ஆயிற்று. அந்நிலையத்தின் பொறிகள் மூப்படைந்தபோது அவை உடனே கைவிடப்படவில்லை. எப்பகுதி தேய்ந்தது, எப்பகுதி உறுதியாயுள்ளது என்று ஆராய்ந்து, அதன் வாழ்நாளை நீட்டிக்கும் பணி 1992-இல் ஒப்புதல் பெற்று 1999-இல் நிறைவேறியது. அதன் பின்னரும் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து, 2020-இல் அந்நிலையம் ஓய்வுபெற்றது. நன்கு பேணப்படும் பொறி வயதைக் கடந்தும் உழைக்கும் என்பதும், எவ்வளவு பேணினும் ஒருநாள் அதற்கு முடிவுண்டு என்பதும் அவ்வூர் மக்கள் கண்கூடாகக் கண்ட உண்மைகள்.

அந்நகரியத்தில் வாழும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். குடும்பத் தலைவர் சுரங்கத் தொழிலாளி. முதிய தாயாரைத் திங்கள்தோறும் மருத்துவத்திற்காகப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. பேருந்தில் ஏறி இறங்க அவ்வம்மையாரால் இயலவில்லை. மகள் அடுத்த ஆண்டு கல்லூரியிற் சேரவிருக்கிறாள். வீட்டிலுள்ள சேமிப்பு நான்கு இலட்சம் ரூபாய். அதில் மூன்று இலட்சத்திற்கு மேல் வண்டிக்குச் செலவிட்டால் மகளின் கட்டணத்திற்கு முட்டுப்பாடு நேரும். புது வண்டி அவர்கள் கைக்கு எட்டாதது. ஆகவே பழைய வண்டி ஒன்றைத் தேடுகின்றனர்.

சிறிய கார்களே இந்நாட்டில் மிகுதி. நான்கு மீட்டர் நீளத்திற்கு மேற்படாத, சிறிய என்ஜின் பொருந்திய கார்களுக்கு 2006-ஆம் ஆண்டில் நடுவணரசு உற்பத்தி வரியைக் குறைத்தமை இதற்கு ஒரு காரணமாகும். அத்தகைய வண்டிகள் இரண்டு அக்குடும்பத்தின் பார்வைக்கு வருகின்றன. முதல் வண்டிக்கு வயது எட்டு. அது ஓடிய தூரம் 32,000 கிலோமீட்டர். இரண்டாம் வண்டிக்கு வயது நான்கு. அது ஓடிய தூரம் 96,000 கிலோமீட்டர். விலை இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. குறைவாக ஓடியதே நல்லது என்று உறவினர் கூறுகின்றனர். அக்கூற்று எந்த அளவுக்குப் பொருந்தும்?

தூரத்தை அளக்கும் கருவி மிகப் பழமையானது. கிறித்து பிறப்பதற்கு முன் முதல் நூற்றாண்டில் உரோம நாட்டில் வாழ்ந்த விட்ருவியசு என்னும் கட்டடக் கலைஞர், தம் நூலில் அத்தகைய கருவியொன்றை விளக்கியுள்ளார். வண்டிச் சக்கரம் நானூறு முறை சுழன்றால் ஓர் உரோம மைல் நிறைவுறும். அப்பொழுது ஒரு கல் வெண்கலக் கலத்தில் ஓசையுடன் விழும். மாலையில் கற்களை எண்ணினால் கடந்த தூரம் தெரியும். ஆனால், வண்டி சென்ற பாதை மேடா பள்ளமா, ஏற்றிய பாரம் எவ்வளவு, எத்தனை முறை நின்று புறப்பட்டது என்பனவற்றை அக்கற்கள் சொல்லா. இக்காலத்துக் காரின் தூரங்காட்டியும் அத்தன்மையதே. எவ்வளவு ஓடியது என்பதை மட்டும் அது கூறும். எவ்வாறு ஓடியது என்பதைக் கூறாது.

எனவே கணக்கிட்டுக் காண்போம். இரண்டாம் வண்டியின் உரிமையாளர் ஆண்டுக்கு 300 நாள், நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பணியிடத்திற்கு நெடுஞ்சாலை வழியே சென்று மீண்டவர். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர். நான்கு ஆண்டில் 96,000. நாளைக்கு இருமுறை வீதம் என்ஜின் 2,400 முறை முடுக்கப்பட்டது. முதல் வண்டியோ கடைக்கும் பள்ளிக்கும் அலுவலகத்திற்குமாக நகரியத்திற்குள்ளேயே ஓடியது. நாளைக்கு நான்கு முறை வீதம் எட்டு ஆண்டில் 9,600 முறை அது முடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஓடிய தூரம் மூன்று கிலோமீட்டரைச் சற்றே கடக்கும். மூன்றில் ஒரு பங்கு தூரமே ஓடிய வண்டி, நான்கு மடங்கு முறை முடுக்கப்பட்டுள்ளது என்பதைக் காண்க.

இவ்வேறுபாடு ஏன் கருதத்தக்கது? என்ஜினின் உள்ளே உலோகத்தோடு உலோகம் உராயாதவாறு காப்பது எண்ணெய்ப் படலம். வண்டி நெடுநேரம் நிற்கும்போது அவ்வெண்ணெய் வடிந்து கீழே தங்கிவிடும். மீண்டும் முடுக்கியவுடன், எண்ணெய் மேலே பரவும்வரை சில நொடிகள் உராய்வு மிகும். மேலும், எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகின்றது. என்ஜின் நன்கு சூடேறினால் அந்நீர் ஆவியாகி வெளியேறும். சூடேறுமுன்பே நிறுத்திவிட்டால் எண்ணெயிற் கலந்து அதன் தன்மையைக் கெடுக்கும். புகைபோக்கிக் குழலிலும் தங்கித் துருவேற்றும். பேட்டரியின் நிலையும் இதுவே. முடுக்கும்போது செலவான மின்னாற்றலைக் குறுகிய ஓட்டம் முழுதும் ஈடுசெய்யாமற் போகலாம். கிளட்சும் பிரேக்கும் நின்று நின்று செல்லும் வண்டியிலேயே விரைந்து தேய்கின்றன. நெடுஞ்சாலையில் ஒரே சீராகச் செல்லும் வண்டிக்கு இத்தொல்லைகள் குறைவு.

ஓடாத வண்டியும் மூப்படையும் என்பதை மறத்தல் கூடாது. டயரின் ரப்பர் காலத்தால் இறுகி வெடிப்புறும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்க எண்ணை நோக்கினால் அது செய்யப்பட்ட காலம் விளங்கும். 2319 எனின் 2019-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரம் என்பது பொருள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெடும். ரப்பர்க் குழாய்களும் பட்டைகளும் அவ்வாறே தளரும்.

இவ்வளவும் கூறியதால், மிகுதியாக ஓடிய வண்டியே எப்போதும் சிறந்தது என்று முடிவுகட்டிவிடலாகாது. தூரத்தால் தேயும் உறுப்புகளும் உள. அதிர்வு தாங்கிகள், சக்கரத் தாங்குருளைகள், சக்கரத்தை உடலோடு பிணைக்கும் மூட்டுகளிலுள்ள ரப்பர்கள் ஆகியவை ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விலை கொடுக்கின்றன. சில என்ஜின்களில் உள்ள பல்பட்டையைக் குறித்த தூரத்தில் மாற்றியே ஆகவேண்டும். மாற்றாவிடின் அது அறுந்து என்ஜினையே பாழாக்கக்கூடும். 96,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இச்செலவுகளை முன்னவர் செய்து முடித்துவிட்டாரா, அல்லது வாங்குபவர் தலையில் விழுமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு விடை தருவது பராமரிப்பு ஏடு. எந்நாளில், எத்தனையாவது கிலோமீட்டரில், எண்ணெய் மாற்றப்பட்டது, எவ்வுறுப்பு புதுப்பிக்கப்பட்டது என்னும் பற்றுச்சீட்டுகள் தொடர்ச்சியாக இருப்பின் அவ்வண்டியின் வரலாறு விளங்கும். தூரங்காட்டியின் எண்ணை வஞ்சகமாகக் குறைப்பாரும் உளர். ஆதலின் ஏட்டின் எண்களும் கருவியின் எண்ணும் ஒத்து ஏறுகின்றனவா எனச் சரிபார்த்தல் வேண்டும். குறைவாக ஓடியதாகக் கூறும் வண்டியில் மிதிகளின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்தும், ஓட்டுநர் இருக்கை அமிழ்ந்தும் காணப்பட்டால் ஐயம் கொள்ளலாம்.

அடுத்தது நேர்ச் சோதனை. விடியற்காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சென்று முடுக்கச் செய்ய வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகின்றது என்று பொருள்; கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும்; சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாவிடில் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகின்றது என ஐயுறலாம். கடலூர் மாவட்டம் வெள்ளத்திற்கும் புயலுக்கும் ஆளாகும் பகுதி. 2011-ஆம் ஆண்டுத் தானே புயலும், 2015-ஆம் ஆண்டுப் பெருமழையும் பலரும் நினைவில் வைத்துள்ளவை. நீரில் மூழ்கிய வண்டியை வெளித்தோற்றத்தால் அறிதல் அரிது. தரைவிரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் படிந்துள்ளதா, இருக்கையின் தண்டவாளம் துருவேறியுள்ளதா என்று நோக்கவேண்டும். அண்மையிலுள்ள பண்ணுருட்டியில் பலாப்பழம் வாங்குவோர் முள்ளைப் பார்த்து மயங்காமல் தட்டி ஓசை கேட்பர். வண்டிக்கும் அக்கவனம் வேண்டும். தமக்குத் தெரியாததை நம்பிக்கையுள்ள பழுதுபார்ப்பவரைக் கொண்டு காண்பதில் இழுக்கொன்றுமில்லை.

வண்டி நன்றாயிருப்பினும் ஆவணம் செவ்வையாக இல்லாவிடில் வாங்குதல் தகாது. பதிவுச் சான்றில் உள்ள என்ஜின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். முன்னவர் கடன் பெற்று வாங்கியிருப்பின், கடன் தீர்ந்தமைக்கான 35-ஆம் படிவத்தைக் கேட்டுப் பெறுக. உரிமை மாற்றத்திற்கு 29, 30-ஆம் படிவங்கள் உரியன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்தல் கடமை. பணம் கைமாறியதோடு காரியம் முடிந்தது என விற்பவர் இருந்துவிடலாகாது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தனியார் காரின் முதற்பதிவு பதினைந்து ஆண்டே செல்லும். பின்னர்ச் சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பித்தல் வேண்டும். எட்டு வயது வண்டிக்கு அதில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது என்பதும் விலை பேசும்போது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி அக்குடும்பம் எம்முடிவுக்கு வரலாம்? வண்டியின் விலை என்பது இன்று கொடுக்கும் தொகை மட்டுமன்று. வாங்கிய முதல் ஈராண்டில் செய்யவேண்டிய பழுதுச் செலவும் அதனுள் அடங்கும். இரண்டாம் வண்டிக்கு ஏடு தொடர்ச்சியாக இருந்து, சோதனையிலும் தேறுமாயின், டயருக்கும் அதிர்வு தாங்கிகளுக்கும் ஒரு தொகையை விலையிற் கழித்துப் பேசி, அதனையே கொள்ளலாம். ஏடு இல்லையெனின், ஓடிய தூரம் அவ்வண்டிக்கு எதிரான சான்றாகவே நிற்கும். அப்போது முதல் வண்டியை, அதன் டயர், பேட்டரி, ரப்பர்ப் பகுதிகள் அனைத்தையும் மாற்றும் செலவைக் கூட்டிக் கணக்கிட்டு நோக்குவது முறை. இரண்டின் கணக்கும் மூன்று இலட்சத்தைத் தாண்டுமாயின், திங்களுக்கு ஒருமுறை வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு காத்திருப்பதே அறிவுடைமை. தாயாரின் மருத்துவமும் தடைப்படாது. மகளின் படிப்பும் தடைப்படாது.

உறவினர் ஒற்றை எண்ணைக் கண்டு கூறிய தீர்ப்பை அக்குடும்பம் உடனே ஏற்கவும் வேண்டியதில்லை. உடனே தள்ளவும் வேண்டியதில்லை. அவ்வெண் எவ்வாறு உண்டாயிற்று என்று வினவினால் போதும். வினவியவர்க்கு ஏடும் பொறியும் ஆவணமும் விடை கூறும். விற்பவர் விரைவுபடுத்துவார், வண்ணப்பூச்சு கண்ணைக் கவரும். ஆயினும் உழைத்து ஈட்டிய பொருளை ஒரு பொருளின்மேல் இடுமுன், ஒரு நாள் பொறுத்து ஆராய்வது இழப்பாகாது.