ஆர்டர் இருந்தும் நஷ்டம் ஏன்? பனியன் கம்பெனியில் 'புரொடக்‌ஷன் பிளானிங்' எப்படி நடக்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு 10,000 டி-ஷர்ட் ஆர்டர் கிடைக்கிறது. மெஷின் இருக்கு, ஆள் இருக்கு, வேலையும் ஓய்வில்லாமல் ஓடுகிறது. ஆனாலும் கடைசி வாரத்தில் சரக்கு ரெடியாகவில்லை. கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போகிறது. லாபம் முழுக்க சரக்குக் கட்டணத்திலேயே கரைந்துவிடுகிறது. எங்கே தப்பு நடந்தது? ஒரு உதாரணக் கணக்கோடு பார்ப்போம்.

கடைசி நாளில் இருந்து கணக்கு போடணும்

பலரும் "இன்னைக்கு வேலையை ஆரம்பிச்சா எப்போ முடியும்?" என்று கணக்கு போடுவார்கள். பிளானிங்கில் இது தலைகீழ். சரக்கு கிளம்ப வேண்டிய நாளில் இருந்து பின்னோக்கி வர வேண்டும்.

ஆர்டர் கிடைத்த 60-வது வேலை நாளில் சரக்கு தூத்துக்குடி துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால்:

* 55-வது நாளுக்குள் செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடியணும்.
* ஒரு நாளைக்கு 640 பீஸ் தைத்தால் 16 நாள் ஆகும். எனவே 36-வது நாள் தையல் தொடங்கி, 51-ல் முடியணும்.
* கட்டிங்குக்கு, சாயம் போட்ட துணி 33-வது நாள் வந்திருக்கணும்.
* சாயத்துக்கு 10 நாள், நிட்டிங்குக்கு 7 நாள் கழித்தால், 16-வது நாள் நூல் கையில் இருக்கணும்.

ஆக, 60 நாள் இருக்கே என்று நினைத்தவருக்கு உண்மையில் நூல் வாங்கவும், கலர், சாம்பிள் அப்ரூவல் வாங்கவும் கிடைப்பது வெறும் 15 நாள்தான்! இந்த வேலைகளை நாள்வாரியாகக் கோடுகளாக வரைந்து காட்டும் அட்டவணைக்கு 'கான்ட் சார்ட்' என்று பெயர். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் 1910-களில் பிரபலப்படுத்தியது இது.

ஒரு டெய்லர், மொத்த லைனையும் நிறுத்துவாரா?

தோள்பட்டை இணைக்க 20 விநாடி, கழுத்து ரிப் வைக்க 36 விநாடி, கை வைக்க 45 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தோள்பட்டை மெஷினில் ஒரு மணி நேரத்தில் 180 பீஸ் முடியும். ஆனால் கை வைக்கும் இடத்தில் 80 தான். அப்போ லைனில் இருந்து வெளியே வருவதும் 80 தான். முன்னால் இருப்பவர் வேகமாகத் தைத்தால், பாதி முடிந்த பீஸ் குவியுமே தவிர, டி-ஷர்ட் கூடாது.

கை வைக்க இன்னொரு மெஷின் போட்டால்? அங்கே 160 ஆகும். ஆனால் கழுத்து ரிப்பில் 100 தானே! லைன் 100-ல் நிற்கும். தடை இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். எல்லோரையும் விரட்டாமல், எந்த இடம் தடை என்று கண்டுபிடித்து அங்கே ஆள் போடுவதே 'லைன் பேலன்ஸிங்'.

பிளான் போட்டாச்சு, கண்ட்ரோல் எதுக்கு?

பிளான் பேப்பரில் இருக்கும். நூல் லேட்டாகும், சாயத்தில் கலர் மாறும், டெய்லர் லீவு போடுவார். இதை அன்றைக்கே பிடிப்பதுதான் கண்ட்ரோல்.

அதனால்தான் தையல் லைன் முடிவில் ஒரு போர்டு வைத்து, மணிக்கு மணி டார்கெட் எவ்வளவு, முடிந்தது எவ்வளவு என்று எழுதுகிறார்கள். மணிக்கு 80 வர வேண்டிய இடத்தில் 60 வந்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் 8 மணி நேரத்தில் 160 பீஸ் குறையும். நாலே நாளில் 640. அதாவது, ஒரு முழு நாள் வேலை காணாமல் போய்விட்டது. முதல் நாளே தெரிந்தால் மெஷினை மாற்றலாம், ஆளை மாற்றலாம். கடைசி வாரத்தில் தெரிந்தால் ஒரே வழி, ஓவர்டைம்.

சில நேரம் பிரச்னை கம்பெனிக்கு வெளியே இருந்தும் வரும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, சாயம் போட துணியை வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டிவந்தது. அதனால்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் ஓரிரு நாள் இடைவெளி விட்டு பிளான் போடுவது நல்லது.

யாருக்கு பாதிப்பு?

லேட்டானால் பையர் விலையைக் குறைக்கலாம், ஆர்டரையே ரத்து செய்யலாம். ஓவர்டைமுக்கு சட்டப்படி இரட்டிப்பு சம்பளம் தரணும். தொழிலாளிக்கோ இரவு வரை வேலை, தூக்கமின்மை, அவசரத்தில் டேமேஜ் பீஸ், அதற்கும் திட்டு. பிளானில் விழுந்த ஓட்டையைக் கடைசியில் அடைப்பது அவர் உழைப்புதான்.

10 மெஷின் வைத்த சின்ன யூனிட்டுக்கும் இதே கணக்குதான். பெரிய சாஃப்ட்வேர் கட்டாயம் இல்லை. ஒரு காலண்டர், ஒரு போர்டு, மணிக்கு ஒருமுறை உண்மையான எண்ணிக்கையை எழுத ஒரு ஆள். இதில் தொடங்கினாலே போதும்.