செங்கற்பட்டுப் புதருக்குள் ஒரு பசுமைமாறாக் காடு

பசுமைமாறாக் காடு என்றதும் நீலகிரியின் சோலைகள்தான் நினைவுக்கு வரும். அங்கே மூடுபனி இலைகளில் படிந்து சொட்டி, மழை பெய்யாத நாளிலும் மண்ணை நனைக்கிறது. செங்கற்பட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனாலும் வங்கக் கடலோரமாக, இங்கேயும் ஒரு பசுமைமாறாக் காடு உண்டு. வனவியலில் அதன் பெயர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு.

ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழைதான் இதற்கு முக்கிய ஆதாரம். தை பிறந்தால் மாதக்கணக்கில் வறட்சி. அப்போதும் பாலை, வீரை, காயா போன்ற மரங்கள் மொட்டையாக நிற்பதில்லை. தடித்த, தோல் போன்ற இலைகள் ஈரத்தை எளிதில் விடுவதில்லை. அதற்கு விலையாக, மரங்கள் பெரும்பாலும் 12 மீட்டரைத் தாண்டுவதில்லை.

காயா பூக்கும்போது ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும். இலை தெரியாமல் கிளையோடு ஒட்டி நீலம் பூத்திருக்கும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று ஏன் பாடினார்கள் என்பது அப்போது விளங்கும். கோடையில் பாலைப்பழம் மஞ்சளாகப் பழுக்கும். கொண்டைக்குருவியும் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் தின்று விதை பரப்புகின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து சருகைக் கிளறும்.

பாம்புகளும் இங்கே உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து நஞ்செடுத்து, பாம்புக்கடி மருந்துக்குத் தருகிறார்கள். புதர்களையும் வயல்களையும் தலைமுறைகளாக அறிந்தவர்களின் அறிவு அது.

இது பசுமைமாறாக் காடு என்றால், செங்கற்பட்டில் நாம் காண்பது ஏன் வெறும் முட்புதராக இருக்கிறது? விறகுக்கு வெட்டியதும் ஆடுமாடு மேய்ந்ததும்தான் காரணம். வெட்டாமல் விட்டால் எப்படி வளரும் என்பதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே, கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு சாட்சி. சாமிக்குப் பயந்து யாரும் கோடரி எடுக்காததால் மரமும் கொடியும் பின்னி அங்கே நிழல் கட்டி நிற்கின்றன.

இந்த மரங்களுக்கு ஒரு பலம்: வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேலி போட்டுச் சில ஆண்டுகள் விட்டாலே புதர் காடாகத் தொடங்கும். ஆனால் காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே, மனைப்பிரிவுக்காகப் பொக்லைன் இறங்கும் குன்றடிகளில் அந்த அடிக்கட்டையும் வேரோடு பெயர்ந்துவிடுகிறது. பிறகு கன்று நட்டாலும், வீரையும் காயாவும் மிக மெதுவாகத்தான் வளரும்.