போக்கரில் யார் நிஜமான நம்பர் 1? கண்டுபிடிக்க எந்த ஆட்டம் சரி?

2003-ம் ஆண்டு. அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த 27 வயது அக்கவுன்டன்ட் ஒருவர், ஆன்லைன் தகுதிச்சுற்று ஒன்றில் 86 டாலர் கட்டி ஆடினார். அதில் கிடைத்த இடத்தை வைத்து லாஸ் வேகாஸ் போனார். வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவென்ட்டில் 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலரை அள்ளினார். பெயர் கிறிஸ் மணிமேக்கர். (நம்புங்க, நிஜப் பெயரே அதுதான்!)

சரி, அன்றைக்கு உலகின் பெஸ்ட் பிளேயர் அவர்தானா? போக்கர் தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மெயின் ஈவென்ட்டில் என்ன சிக்கல்?

10,000 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். சிப்ஸ் தீர்ந்தால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். 2024-ல் 10,112 பேர் ஆடினார்கள். இவ்ளோ பெரிய கூட்டத்தில் திறமை மட்டும் போதாது. கணக்கு சிம்பிள்: உங்கள் சீட்டு 80% ஜெயிக்கும் என்ற நிலையில் மொத்த சிப்ஸையும் வைக்கிறீர்கள். நல்ல முடிவுதான். ஆனால் அதே மாதிரி ஐந்து முறை வைத்தால், ஐந்திலும் தப்பிக்கும் வாய்ப்பு 33% மட்டுமே. தப்பே செய்யாமல் ஆடியவரும் வெளியே போவார்.

அப்போ ஒருத்தருக்கு ஒருத்தர் மோதினால்?

அதுவும் நடந்தது. டேனியல் நெக்ரானுவும் டக் போல்க்கும் 2020 நவம்பரில் தொடங்கி 25,000 ஹேண்ட் ஆடினார்கள். பிளைண்ட் 200/400 டாலர். முடிவில் போல்க் சுமார் 12 லட்சம் டாலர் முன்னிலை. அதாவது 100 ஹேண்டுக்கு சராசரியாக 12 பெரிய பிளைண்ட். நீண்ட ஆட்டம் என்பதால் சீட்டு அதிர்ஷ்டம் ஓரளவு சமன் ஆகிவிடும். ஆனால் இது நிரூபிப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: இருவர் மட்டும் ஆடும் ஹோல்டம்மில் போல்க் கெட்டி. ஆறு பேர், ஒன்பது பேர் உட்காரும் டேபிள் வேறு உலகம்.

சீட்டையே சமமாகப் போட்டால்?

பிரிட்ஜ் ஆட்டக்காரர்களுக்கு இது பழைய விஷயம். ஒரே சீட்டை வெவ்வேறு டேபிளில் ஆட வைத்து, யார் அதை வைத்து அதிகம் சாதித்தார் என்று பார்ப்பார்கள். 2017-ல் பிட்ஸ்பர்க்கில் லிப்ராடஸ் என்ற ஏஐ, நான்கு புரொஃபஷனல்களுடன் 1,20,000 ஹேண்ட் ஆடியபோது இதே முறைதான். ஒரு வீரருக்கு வந்த சீட்டு, அவருடைய ஜோடி வீரரின் ஆட்டத்தில் ஏஐ-க்கு வரும். ‘எனக்குச் சீட்டு சரியில்ல’ என்று புலம்பவே வழியில்லை. லிப்ராடஸ் 17 லட்சம் டாலருக்கும் அதிகமான சிப்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்தது.

திறமையை மட்டும் அளக்க இதைவிடச் சுத்தமான முறை இல்லை. ஆனால், டிவியில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

புரோக்கள் மதிக்கும் கோப்பை

2006-ல் 50,000 டாலர் கட்டணத்தில் ‘ஹார்ஸ்’ போட்டி வந்தது. ஹோல்டம், ஓமஹா, ராஸ், ஸ்டட் என ஐந்து வகை ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆட வேண்டும். 143 பேர் ஆடினார்கள், சிப் ரீஸ் ஜெயித்தார். இதில் ஒரு காமெடி: எல்லா ஆட்டத்திலும் கெட்டி யார் என்று பார்க்க வந்த போட்டியின் ஃபைனல் டேபிளை, டிவிக்காக ஹோல்டம் மட்டுமே ஆட வைத்தார்கள்!

2010 முதல் இது ‘போக்கர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்’. ஆட்ட வகைகளும் கூடின. மைக்கேல் மிஸ்ராகி இதை 2010, 2012, 2018, 2025 என நான்கு முறை ஜெயித்திருக்கிறார். நூறு பேர் அளவிலான, அதுவும் கில்லாடிகளே நிறைந்த கூட்டத்தில் இது லக்கால் நடக்கிற விஷயமில்லை. 2025-ல் அவரே மெயின் ஈவென்ட்டையும் தட்டிச் சென்றது போனஸ்.

இருக்கிற போட்டிகளில் இதுதான் சரியான அளவுகோல். ஒரு குறை உண்டு: 50,000 டாலர் கட்ட முடியாதவர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் உள்ளே வர முடியாது.

நம்ம ஊரில் இந்தத் திறமை-அதிர்ஷ்டம் பஞ்சாயத்து கோர்ட் வரை போனது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்றது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், அந்த வித்தியாசத்தையே பார்க்கவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டம் என்றால் தடைதான்.