மேடையில் கைதட்டல், நீதிமன்றத்தில் போராட்டம்!

புது தில்லி: விபத்திலோ வன்முறையிலோ உடலுறுப்பை இழந்து, பின்னர் மீண்டெழுந்து சாதனை படைத்தவர்களின் தன்னம்பிக்கை உரைகளுக்கு நாடு முழுவதும் வரவேற்பு பெருகியிருக்கிறது. கல்லூரி விழாக்கள், தொழில் நிறுவனங்களின் பயிற்சி முகாம்கள், அரசு நிகழ்ச்சிகள் என எல்லா மேடைகளும் அவர்களை நாடுகின்றன. மாற்றுத்திறனாளிகள் சர்வதேச தினமான டிசம்பர் 3-ஐ ஒட்டி, தலைநகர் தில்லியில் விருது விழாக்களுக்கும் குறைவிருப்பதில்லை.

மன உறுதி ஒன்றே போதும், எதையும் வெல்லலாம் என்பதுதான் இத்தகைய மேடைகள் பெரும்பாலும் எடுத்துரைக்கும் செய்தி. ஆனால், இந்தப் பேச்சாளர்களின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வேறொன்றும் புலப்படுகிறது. அவர்களில் பலர் தங்கள் உடல் வலியோடு மட்டும் போராடவில்லை. காவல் துறையோடும், அரசு அலுவலகங்களோடும், விமான நிறுவனங்களோடும், வங்கிகளோடும் போராடியிருக்கிறார்கள். கைதட்டல் கிடைப்பது முதல் போராட்டத்துக்கு. நாட்டை மாற்றியதோ இரண்டாவது போராட்டம்.

எவரெஸ்டுக்கு முன்பு ஒரு வழக்கு: தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வரிசையில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று அருணிமா சின்ஹா. உத்தரப் பிரதேசத்தின் அம்பேத்கர் நகரைச் சேர்ந்த இவர், தேசிய அளவிலான கைப்பந்து வீராங்கனை. 2011 ஏப்ரலில், மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வேலை தொடர்பாக லக்னௌவிலிருந்து தில்லிக்கு ரயிலில் வந்தபோது, கழுத்துச் சங்கிலியைப் பறிக்க முயன்ற கொள்ளையர்களை எதிர்த்தார். பரேலி அருகே ஓடும் ரயிலிலிருந்து அவர் கீழே தள்ளப்பட்டார். அடுத்த தண்டவாளத்தில் வந்த மற்றொரு ரயில் அவரது காலை நசுக்கியது. உயிரைக் காப்பாற்ற, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சுமார் நான்கு மாதங்கள் சிகிச்சை பெற்றார்.

மலையேற்ற வீராங்கனை பச்சேந்திரி பாலிடம் பயிற்சி பெற்று, 2013 மே 21-ஆம் தேதி அவர் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்ததும், ஒரு காலை இழந்த நிலையில் அச்சிகரத்தை எட்டிய உலகின் முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றதும் பலரும் அறிந்தவை. 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அண்டார்டிகாவின் வின்சன் சிகரத்தை 2019 ஜனவரியில் எட்டினார்.

அதிகம் பேசப்படாதது இடையில் நடந்த கதை. சம்பவத்தை அடுத்து, அவர் தற்கொலைக்கு முயன்றிருக்கலாம் அல்லது தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டிருக்கலாம் என்று போலீஸ் தரப்பில் சந்தேகம் எழுப்பப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே அதை மறுக்க வேண்டிய நிலை அந்த இளம்பெண்ணுக்கு ஏற்பட்டது. முடிவில், ரூ. 5 லட்சம் இழப்பீடு வழங்குமாறு ரயில்வேக்கு அலாகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னௌ கிளை உத்தரவிட்டது. அருணிமாவின் உறுதியைப் போற்றும் மேடைகள், பயணியின் பாதுகாப்புக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

சட்டத்தைத் திருத்திய முகம்: தில்லி கான் மார்க்கெட் பகுதியில் 2005-இல் 15 வயதுச் சிறுமி லட்சுமி அகர்வால் மீது அமிலம் வீசப்பட்டது. தன் விருப்பத்துக்கு இணங்க மறுத்தார் என்பதற்காக, அவரைவிட இரு மடங்கு வயதுடைய ஒருவர் செய்த செயல் அது. முகம் சிதைந்த நிலையில் வீட்டுக்குள் முடங்கிவிடாமல், 2006-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் பொதுநல மனு தாக்கல் செய்தார். கடைகளில் அமிலம் தங்குதடையின்றி விற்கப்படுவதை ஒழுங்குபடுத்த வேண்டும், சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பவை அவரது கோரிக்கைகள்.

ஏழு ஆண்டுகள் நீடித்த அந்த வழக்கின் பயன் நாட்டுக்கே கிடைத்தது. 2013-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, அமில வீச்சு தனிக் குற்றமாக்கப்பட்டது. குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், அமிலம் வாங்குவோரின் பெயர், முகவரி ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும், அடையாளச் சான்று பெற வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது எனக் கூறப்பட்டது. பாதிக்கப்பட்டோருக்குக் குறைந்தது ரூ. 3 லட்சம் இழப்பீடு வழங்க வேண்டும் என்றும், அதில் ரூ. 1 லட்சத்தை 15 நாள்களுக்குள் தர வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. தனியார் மருத்துவமனைகளும் அவர்களுக்கு இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும் என 2015 ஏப்ரலில் மற்றோர் உத்தரவு வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறியபோது, அமில வீச்சால் பாதிக்கப்பட்டோரும் அதன் பட்டியலில் இடம்பெற்றனர்.

2014-இல் அமெரிக்க அரசின் துணிச்சல்மிக்க பெண்களுக்கான சர்வதேச விருது லட்சுமிக்கு வழங்கப்பட்டது. அவரது வாழ்க்கையைத் தழுவிய ஹிந்தித் திரைப்படம் 2020-இல் வெளியானது. எனினும், 2022 டிசம்பரில் தில்லி துவாரகா பகுதியில் பள்ளி மாணவி மீது அமிலம் வீசப்பட்டபோது, அது இணைய வணிகத் தளம் மூலம் வாங்கப்பட்டதாகப் போலீஸார் தெரிவித்தனர். கடைப் பதிவேட்டை எண்ணிப் போடப்பட்ட உத்தரவை, கைப்பேசி வழி வணிகம் தாண்டிச் சென்றுவிட்டது.

பேசப் போனவருக்கே தடை: பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட கொல்கத்தாவின் ஜீஜா கோஷ், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகக் குரல் கொடுத்து வருபவர். கோவாவில் நடைபெறவிருந்த மாநாட்டில் பங்கேற்பதற்காக 2012 பிப்ரவரியில் விமானம் ஏறினார். இருக்கையில் அமர்ந்த பிறகு, அவரது உடல்நிலையைக் காரணம் காட்டித் தனியார் விமான நிறுவன ஊழியர்கள் அவரைக் கீழே இறக்கிவிட்டனர். மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிப் பேசப் புறப்பட்டவருக்கே அவ்வுரிமை மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் அளித்த தீர்ப்பில், அவருக்கு ரூ. 10 லட்சம் இழப்பீடு வழங்குமாறு அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

குடிமைப் பணித் தேர்விலும் இதே நிலைதான். முதுகுத்தண்டு வளைவுப் பாதிப்புள்ள இரா சிங்கல் 2010-ஆம் ஆண்டு தேர்வில் வென்றபோதும் அவருக்குப் பணி தரப்படவில்லை. பொருள்களைத் தள்ளவும் இழுக்கவும் தூக்கவும் இயலாதவர் என்பது சொல்லப்பட்ட காரணம். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகி, 2014-இல் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். 2014-ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவுகள் 2015 ஜூலையில் வெளியானபோது, பொதுப் பிரிவில் நாட்டிலேயே முதலிடம் அவருடையது. முதலிடம் பெற்றவரின் வெற்றி ரகசியத்தை இளைஞர்கள் ஆர்வத்துடன் கேட்கிறார்கள். தேர்ச்சி பெற்றவரைத் தீர்ப்பாயத்தின் வாசலில் நிறுத்திய விதிமுறையும் அந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

மரப்பலகைச் சாய்தளம்: இந்தப் போராட்டங்களுக்கெல்லாம் முன்னோடியாக இருந்தவர் ஜாவேத் அபிதி. அலிகரில் பிறந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர், 1995 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகளைத் திரட்டி நாடாளுமன்றத்தை நோக்கிப் போராட்டம் நடத்தினார். அடுத்த சில நாள்களிலேயே, நெடுங்காலம் காத்திருந்த சட்டம் நிறைவேறியது. அரசுப் பணிகளில் 3 சதவீத இடஒதுக்கீடு அதன் மூலம் கிடைத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 சதவீதமாக உயர்த்தியது. பார்வையற்றோருக்கு மட்டும் இருந்த விமானக் கட்டணச் சலுகை, கடுமையான உடலியக்கக் குறைபாடு உடையோருக்கும் விரிவடைந்தது அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இல் அளித்த தீர்ப்பால்தான்.

2001 ஜனவரியில் பிரிட்டன் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் தில்லி வந்தபோது நடந்த சம்பவம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. உலகப் புகழ் பெற்ற விருந்தினரின் சக்கர நாற்காலி செல்ல, குதுப் மினார், ஜந்தர் மந்தர் உள்ளிட்ட நினைவுச் சின்னங்களில் வழியே இல்லை. அபிதியின் முயற்சியால், தொல்லியல் துறை அவசர அவசரமாக மரப்பலகைச் சாய்தளங்களை அமைத்தது. ஹாக்கிங்கின் அறிவைக் கண்டு வியந்த தேசம், தன் சொந்தக் குடிமக்களுக்கு அந்தச் சாய்தளம் ஏன் இல்லாமற்போனது என்று எண்ணிப் பார்க்க ஒரு வாய்ப்பாக அது அமைந்தது. அபிதி 2018 மார்ச் மாதம் காலமானார்.

சொல்லும் பொருளும்: பிரதமர் மோடி 2015 டிசம்பரில் வானொலி உரையில் முன்மொழிந்த 'திவ்யாங்' என்ற சொல், மறு ஆண்டே மத்திய அரசுத் துறையின் பெயரிலும் இடம்பெற்றது. தெய்வீக உறுப்புடையோர் எனப் பொருள்படும் இச்சொல்லுக்கு உரிமை அமைப்புகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன, அபிதியும் எதிர்த்தார். தெய்வமாக்க வேண்டாம், சமமாக நடத்தினால் போதும் என்பதே எதிர்ப்பின் சாரம். சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், 2014-இல் சிட்னியில் ஆற்றிய உரையில் இதே கருத்தை வேறு விதமாக முன்வைத்தார். அன்றாட வேலைகளைச் செய்வதற்காகவே மாற்றுத்திறனாளிகளை வியந்து பார்ப்பது, அவர்களைப் பிறருக்கான ஊக்கப் பொருளாக்கிவிடுகிறது என்பது அவரது விமர்சனம்.

அப்படியானால் இந்த உரைகளால் பயனே இல்லையா? அவ்வாறு கூறிவிட முடியாது. கும்பகோணத்தில் பிறந்து ராஜஸ்தானின் பிகானேரில் வளர்ந்த மாளவிகா ஐயர், 2002 மே மாதம் தமது 13-ஆவது வயதில் கையெறி குண்டு வெடித்து இரு கைகளையும் இழந்தார். அப்பகுதியிலிருந்த வெடிமருந்துக் கிடங்கில் அதற்கு முன்பு தீ விபத்து ஏற்பட்டு, வெடிபொருள்கள் சுற்றுப்புறத்தில் சிதறிக் கிடந்தன. சென்னையில் நீண்ட சிகிச்சை பெற்று, உதவியாளர் எழுதத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வில் சிறப்பிடம் பெற்றார். அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் அழைப்பும் அவரைத் தேடி வந்தது.

பின்னர், சென்னை சமூகப் பணிக் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், மாற்றுத்திறனாளிகளைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதே. 2017 மார்ச்சில் நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்தில் உரையாற்றினார், 2018-இல் நாரி சக்தி விருது பெற்றார். தனது துயரத்தைச் சொல்வதோடு நில்லாமல், கேட்பவரின் பார்வையையே ஆய்வுக்கு உட்படுத்திய பேச்சாளர் அவர். மேடை இதற்கும் பயன்படும்.

எண்ணிக்கை சொல்லும் உண்மை: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் சுமார் 1.86 கோடி பேர் கிராமங்களில் வசிப்பவர்கள். எழுத்தறிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 55 சதவீதம் மட்டுமே. மேடை ஏறும் சிலருக்குக் கல்வியோ, குடும்பத்தின் துணையோ, ஊடக வெளிச்சமோ ஏதோ ஒன்று கைகொடுத்திருக்கிறது. அது வாய்க்காத கோடிக்கணக்கானோரிடம், மன உறுதி இருந்தால் போதும் என்று சொல்வது, தோல்விக்கான பழியை அவர்கள் மீதே சுமத்துவதாகும். பள்ளிக்குச் செல்லும் பேருந்தில் ஏற முடியாத சிறுவனுக்குத் தேவை பேருந்தில் ஒரு தாழ்வான படி.

மேடைகளில் பேசிவருபவரும், 2006-இல் ரயிலில் உறங்கிக்கொண்டிருந்தபோது அமில வீச்சுக்கு ஆளானவருமான பிரக்யா பிரசூன், உச்ச நீதிமன்றத்தை நாடியதும் இந்தப் புரிதலோடுதான். 2023-இல் வங்கிக் கணக்கு தொடங்கச் சென்றபோது, உயிருடன் இருக்கும் நபர்தான் என்பதை உறுதிசெய்யக் கேமரா முன் கண் சிமிட்டுமாறு கேட்கப்பட்டார். அமிலத்தால் இமைகள் சிதைந்தவரால் அது இயலவில்லை. வழக்கை விசாரித்த நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், எண்மச் சேவைகளைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழும் உரிமையின் ஓர் அங்கம் எனக் கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. பார்வையற்றோர் தரப்பில் தொடரப்பட்ட வழக்கும் இதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டது.

கட்டடங்கள் தொடர்பான தீர்ப்பு அதற்கு முன்பே வந்தது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005-இல் தொடர்ந்த வழக்கில், 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியக் குறையைச் சுட்டிக்காட்டியது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றிச் செல்வதற்கான விதிகளைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்க, மத்திய அரசு வகுத்த விதிகளோ அவற்றை வெறும் வழிகாட்டுதல்களாக வைத்திருந்தன. அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறிய நீதிமன்றம், கட்டாயத் தரநிலைகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு உத்தரவிட்டது.

இவ்விரு தீர்ப்புகளும் நடைமுறைக்கு வருவது மத்திய, மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. எந்த அலுவலகத்தில் சாய்தளம் அமைக்கப்பட்டது, எந்த வங்கி தன் செயலியை மாற்றியது, எந்த மாவட்டத்தில் அமில விற்பனைப் பதிவேடு சரிபார்க்கப்பட்டது என்று நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவைகளிலும் கேட்கப்பட வேண்டும். துன்பத்தை வென்றவர்களை மேடையேற்றிப் பாராட்டும் சமூகம் அவர்களுக்குச் செய்யக்கூடிய உண்மையான மரியாதை, அடுத்து வருபவர் அதே துன்பத்தை வெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் செய்வதுதான்.