அமெரிக்காவில் யூதர்களின் பகல் கேம்ப் – அம்மாக்கள் கேட்க வேண்டியவை

நியூஜெர்ஸியில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடினால் செப்டம்பர் வாக்கில்தான் மறுபடி திறக்கிறார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அத்தனை நாளும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? அதற்குத்தான் ‘டே கேம்ப்’ என்று வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணி சுமாருக்குப் போனால் மாலை நாலு மணிக்கு வீடு திரும்பிவிடலாம். அங்கே இருக்கும் என் தங்கை, தன் ஆறு வயதுப் பையனை யூதர்களின் சமூக மையம் நடத்தும் கேம்ப்பில் சேர்த்தபோது நான் அவள் வீட்டில் தங்கியிருந்தேன்.

“யூதர் கேம்ப்பிலே நம்ம பிள்ளைக்கு என்னடி வேலை?” என்று ஊரிலிருந்து போனில் கேட்டவர்கள் உண்டு. இந்த மாதிரிச் சமூக மையங்கள் பலவும் எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆசாரமான யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்றே நடத்தும் கேம்ப்கள் வேறு மாதிரி. அங்கே ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனித்தனியாகத்தான் நீந்துவார்கள். உடுப்பிலும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே எந்த வகை கேம்ப் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. ‘கோஷர்’ என்ற சொல்லைக் கேட்டதும், “பன்றி கிடையாது, அப்பாடா” என்று நம்மில் பலர் நிம்மதியாகிவிடுகிறோம். கோஷர் என்றால் சைவம் இல்லை, சகோதரிகளே! பன்றி, இறால், நண்டு இவர்களுக்கு விலக்கு. இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைக்க மாட்டார்கள், சேர்த்துச் சாப்பிடவும் மாட்டார்கள். ஆனால் மாட்டிறைச்சி தாராளமாக உண்டு. கேம்ப்பில் தருகிற ‘ஹாட் டாக்’ பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். ‘பார்வே’ என்று எழுதியிருந்தால் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை என்று அர்த்தம். அதை நம்பிச் சைவக்காரர்கள் வாங்கிவிடக் கூடாது. முட்டையும் மீனும் அந்தக் கணக்கில்தான் வரும்.

வீட்டிலிருந்து டிபன் டப்பா கொடுத்தனுப்பலாமா என்பதும் கேம்ப்புக்குக் கேம்ப் மாறும். சில இடங்களில் இறைச்சி இல்லாத சாப்பாடு மட்டும் கொண்டுவரலாம் என்பார்கள். நம் தயிர் சாதத்துக்கு அங்கே தடையில்லை. கண்டிப்பான இடங்களில் வீட்டுச் சமையலே கூடாது, கோஷர் முத்திரை போட்ட பாக்கெட் சாமான்தான் வர வேண்டும். வட்டத்துக்குள் ‘யூ’ எழுத்து இருப்பது அப்படி ஒரு முத்திரை. வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகள் இருப்பதால் கடலைக்குப் பல கேம்ப்களில் தடை இருக்கும். சட்னிக்குப் பொட்டுக்கடலை அரைத்தால்கூட ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறையும்போது யூதர்களின் ஓய்வு நாளான ‘ஷபாத்’ தொடங்குகிறது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் கேம்ப்பே பாட்டும் ஆட்டமுமாக இருக்கும். பின்னல் மாதிரி முறுக்கிச் சுட்ட ‘ஹல்லா’ ரொட்டியும் திராட்சைச் சாறும் தருவார்கள். அந்த ரொட்டியில் பெரும்பாலும் முட்டை உண்டு. தங்கை மகன் “ஷபாத் ஷலோம்” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் ஓடிவருவான். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னொருவர் பண்டிகையைத் தெரிந்துகொள்வதால் பிள்ளை கெட்டுப்போய்விடாது.

ஜூலை, ஆகஸ்டில் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதை நினைத்து ஒரு துக்க நாள் வரும். பெரியவர்கள் உபவாசம் இருப்பார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது கிடையாது. அதற்கு முந்திய சில நாட்களில் ஆசாரமான கேம்ப்களில் நீச்சலும் இருக்காது.

நீச்சல் குளம் பற்றி எவ்வளவு கேட்டாலும் தகும். முதல் நாளே நீச்சல் பரீட்சை வைக்கிறார்களா? சும்மா நிற்கிற உதவியாளர் அல்ல, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் இருக்கிறாரா? இரண்டிரண்டு பிள்ளைகளாக ஜோடி சேர்த்து, விசில் ஊதினதும் ஜோடி ஜோடியாகக் கையைத் தூக்கச் சொல்லி எண்ணுகிறார்களா? பகல் கேம்ப்பில் ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகள் 8 பேருக்கு ஒரு பொறுப்பாளர், நாலைந்து வயதுக்காரர்கள் 6 பேருக்கு ஒருவர் என்பது அமெரிக்க கேம்ப் சங்கம் வைத்திருக்கும் அளவு.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் மனசைப் பிசையும். 1999 ஆகஸ்ட் 10-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு யூத சமூக மையத்துக்குள் யூத வெறுப்புக் கொண்ட ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து சுட்டான். பகல் கேம்ப்புக்கு வந்திருந்த 3 சிறுவர்கள், அவர்களைப் பார்த்துக்கொண்ட 16 வயதுப் பெண், வரவேற்பறை அம்மாள் என்று 5 பேருக்குக் காயம். நல்ல வேளையாக ஐவரும் பிழைத்தார்கள். இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் எண்ணமில்லை. கேட்டில் யார் நிற்கிறார், உள்ளே வருபவரை எப்படிச் சோதிக்கிறார்கள், ஆபத்து வந்தால் பெற்றோருக்கு எப்படித் தகவல் வரும் என்று நேராகவே கேளுங்கள். தங்கை கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

பிள்ளையைத் திரும்ப அழைத்து வர, ஃபாரத்தில் பெயர் எழுதினவர்கள்தான் போக முடியும். என் பெயரைத் தங்கை எழுதியிருந்தும், பாஸ்போர்ட்டைக் காட்டின பிறகுதான் பையனை என்னோடு அனுப்பினார்கள். “பெரியம்மா, என்னைக் காட்டிக்கூட விடமாட்டேங்கிறாங்களே!” என்று அவனுக்குச் சிரிப்பு. ஊரிலிருந்து பாட்டி, தாத்தா வந்திருந்தால் அவர்கள் பெயரையும் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

மாலையில் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் உண்ணி ஒட்டிக்கொண்டால் ‘லைம்’ என்கிற நோய் வரக்கூடும். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் சொறி, காய்ச்சல் என்று வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கட்டின பணத்துக்கு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்து, பிள்ளைக்கு 13 வயது ஆகாமலும் இருந்தால், பகல் கேம்ப் செலவுக்கு வருமான வரியில் ஒரு சலுகை கேட்கலாம். ராத்திரி தங்குகிற கேம்ப்புக்கு அது கிடையாது.