பிளான் பாஸாகும் வழி: கல்முனைக் கரையோரத்தில் வீடு கட்ட அனுமதி

வீடோ கடையோ மதிலோ, எதைக் கட்டுவதானாலும் வரைபடத்தைச் சமர்ப்பித்து முன்னனுமதி பெற வேண்டும் என்ற விதி இலங்கையில் நூறாண்டைத் தாண்டியது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அதன் அடிப்படை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அந்தச் சட்டத்துக்கு 1982இல் வந்த திருத்தம், அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரம் இன்றி எந்தக் கட்டுமானமும் கூடாது என்றது. ஆனால் சாதாரண வீட்டுக்கு அதிகார சபையின் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. அந்த அதிகாரம் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கையளிக்கப்பட்டிருக்கிறது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மக்கள் மாநகர சபைக்கும், நிந்தவூர், அட்டாளைச்சேனை, சம்மாந்துறை, பொத்துவில் மக்கள் தத்தம் பிரதேச சபைக்கும் விண்ணப்பிக்கிறார்கள்.

விண்ணப்பப் படிவத்தைச் சபையிலேயே பெறலாம். அதனுடன் காணி உறுதியின் பிரதி, நில அளவையாளர் கையொப்பமிட்ட பிளான், கட்டட வரைபடத்தின் பிரதிகள், சோலைவரி நிலுவையில்லை என்பதற்கான பற்றுச்சீட்டு, பரிசீலனைக் கட்டணம் ஆகியவை போக வேண்டும். சிறிய வீட்டுக்குப் பதிவுபெற்ற படவரைஞர் போதும். மாடிகள் கூடக்கூடப் பட்டயக் கட்டடக்கலைஞரும் பொறியியலாளரும் கையொப்பமிட வேண்டி வரும்.

இந்தப் பட்டியலில் வரைபடத்தைத்தான் பலரும் பெரிதாக நினைக்கிறார்கள். உண்மையில் விண்ணப்பங்கள் தடக்கி நிற்கும் இடம் காணி. வரைபடத்தில் பிழையிருந்தால் ஓரிரு நாளில் திருத்தி வாங்கலாம். காணியில் சிக்கலிருந்தால் வருடங்கள் போகும்.

காரணம் இப்பகுதியின் குடும்ப வழக்கத்தில் இருக்கிறது. கிழக்குக் கரையில், முஸ்லிம் குடும்பங்களிலும் தமிழ்க் குடும்பங்களிலும், பெண்பிள்ளைக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பது பெற்றோரின் கடமை. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த ஏற்பாட்டை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தாய்வீட்டு வளவையே துண்டாக்கி மகள்மாருக்குக் கொடுப்பதால் ஒவ்வொரு தலைமுறையிலும் காணி சுருங்குகிறது.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஒரு கட்டடத் துண்டுக்குக் குறைந்தபட்ச அளவாக 150 சதுர மீற்றரை, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சை நிர்ணயித்தன. 2021இல் புதிய ஒழுங்குவிதிகள் வந்த பின்னரும் துண்டின் அளவும் பாதை வசதியுமே முதல் கேள்விகள். 20 பேர்ச் வளவும் நான்கு மகள்மாரும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 5 பேர்ச். பின்வளவுத் துண்டுகளுக்குப் போகப் பாதை ஒதுக்கினால் அதுவும் இன்னும் குறைந்துவிடும். நொத்தாரிசு நான்கு உறுதிகளை எழுதலாம். காணிப் பதிவகத்தில் அவை பதிவாகியும் விடலாம். ஆனால் துண்டுபிரிப்புப் பிளானுக்குச் சபையின் அங்கீகாரம் இல்லையென்றால், அந்த உறுதியைக் காட்டி வீட்டுக்கு அனுமதி எடுப்பது மிகக் கடினம். கலியாணத்துக்கு நாள் குறித்து, மேசனுக்கு முற்பணம் கொடுத்த பிறகு இது தெரியவருவதுதான் கொடுமை. அதே வளவை மூன்று துண்டாக்கி, ஒன்றில் இரண்டு குடும்பங்களுக்கு மாடி வீடு கட்டத் திட்டமிட்டிருந்தால் வழி பிறந்திருக்கும். இந்தக் கணக்கை உறுதி எழுதும் முன்பே போட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய உறுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘பிரிபடாத பங்கு’ என்று எழுதியிருந்தால் மற்றப் பங்காளிகளின் சம்மதம் வேண்டும். இணங்காவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போவதே மிச்சம். அரச காணிக்கு ‘பேமிட்’ வைத்திருப்போர் பிரதேச செயலகத்தின் சம்மதத்தையும் பெற வேண்டும்.

மேற்கே வயல், கிழக்கே கடல்: இரண்டுக்கும் நடுவில் நெருங்கிக் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில்தான் ஊர்கள் இருக்கின்றன. வீடு எந்தப் பக்கம் விரிந்தாலும் இன்னொரு சட்டம் குறுக்கே வரும்.

கரைவாகு வட்டை போன்ற நெற்காணிகளில் கிறவல் கொட்டி வீட்டு நிலமாக்குவது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்துக்கு உட்பட்டது. கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவது குற்றம். கிறவல் போட்டுப் புல் முளைத்த நிலத்தைப் பார்த்தால் வயல் என்றே தெரியாது. ஆனால் கமநல சேவை நிலையத்தின் இடாப்பில் அது வயலாகவே இருக்கும். மலிவு என்று துண்டு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடாப்பை. விதியின் நோக்கமும் நியாயமானதே. மாரியில் ஊரின் வெள்ளம் வடிவது அந்தப் பள்ளத்துக்குத்தான்.

கடல்பக்கம் கரையோரம் பேணல் சட்டம் நிற்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம், சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்டுவதற்குச் சபை அனுமதி மட்டும் போதாது, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சிறிய வீடுகளுக்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகம் வழியாகச் செய்யலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில், இந்த ஊர்கள் அடங்கிய அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அரசு வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்கும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்கும் கட்டடத் தடை வலயம் அறிவித்தது. சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களில் 200 மீற்றர் என்பது குடிமனையின் பெரும் பகுதி. மாற்றிடம் கொடுக்க வெற்று நிலமும் இல்லை. எதிர்ப்புகளுக்குப் பின் தூரம் குறைக்கப்பட்டது. மருதமுனையில் ‘65 மீற்றர் வீட்டுத் திட்டம்’ என்ற பெயரே அந்த அளவுகோலை இன்றும் தாங்கி நிற்கிறது.

வலயத்தை அளக்கத் தொடங்கும் உயர் நீர்மட்டக் கோடு நிலையானதும் அல்ல. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடலரிப்பு ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைத் தின்று வருகிறது. கடல் உள்ளே வர வர 300 மீற்றர் வலயமும் உள்ளே வரும். முன்பு வலயத்துக்கு வெளியே இருந்த வளவு இன்று உள்ளே இருக்கலாம். எனவே பழைய அளவையை நம்பாமல் புதிதாக அளப்பிப்பது அவசியம்.

காணி தெளிவானால் மீதி ஒப்பளவில் இலகு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்துக்கு வந்து, வரைபடத்தில் உள்ள எல்லையும் நிலத்தில் உள்ள எல்லையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். வளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்க வேண்டும், வீட்டின் பின்னால் இடைவெளி வேண்டும், அறைகளுக்குப் போதிய யன்னல் வேண்டும். ஏ4 நெடுஞ்சாலையோரக் காணி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட எல்லையும் சேரும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண் கிணற்றிலும் மலசலகூடக் குழியிலும் இருக்கும். மணல் நிலம், கைக்கெட்டும் நீர்மட்டம். குழியின் கழிவு சீக்கிரமே நீரில் கலந்துவிடும். தன் வளவுக் கிணற்றிலிருந்து குழியைத் தள்ளி வைத்தால், சிறு துண்டுகளில் அது அடுத்த வளவுக் கிணற்றை நெருங்கும். வரைபடத்தில் அயலவரின் கிணற்றையும் குறித்துக் காட்டினால் இந்தக் கேள்விக்கு முதல் வருகையிலேயே பதில் கிடைக்கும்.

அறிக்கைகள் சேர்ந்ததும் விண்ணப்பம் திட்டமிடல் குழுவுக்குப் போகும். அனுமதிப்பத்திரத்துக்குக் காலவரையறை உண்டு. அதற்குள் வேலை முடியாவிட்டால் நீடிப்புக் கேட்க வேண்டும். வெளிநாட்டு உழைப்பில் ஒவ்வொரு கட்டமாக எழும்பும் வீடுகளுக்கு இது முக்கியம். அத்திவாரத்துக்குப் பிறகு ஓர் அறையையோ மாடியையோ கூட்டுவதானால் திருத்திய வரைபடத்துக்கு மீண்டும் அனுமதி வேண்டும்.

வேலை முடிந்ததும் ‘சி.ஓ.சி.’ என்று வழங்கும் ஒத்திசைவுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அனுமதித்தபடியே கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான அத்தாட்சி அது. குடிபுகுந்த பின் இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிறகு வீட்டை ஈடுவைத்து வங்கிக் கடன் கேட்கும்போதோ விற்கும்போதோ இல்லாத குறை தெரியும். அனுமதியின்றிக் கட்டினால் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக இடிப்பதற்கான கட்டளை பெறவும் சட்டத்தில் இடமுண்டு.

விண்ணப்பம் காரணமின்றித் தாமதித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதற்காகவே, விண்ணப்பத்தைக் கையளிக்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.