கார்சினாய்டுக் கட்டியை மருத்துவர் அறியும் வகை

உடலில் தோன்றும் கட்டிகளுள் சில விரைந்து வளர்ந்து தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும். சிலவோ பல்லாண்டு ஒளிந்திருக்கும். கார்சினாய்டு பின்னைய வகையினது. 1907ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து மூனிக் நகரில் ஸிக்பிரீட் ஓபெர்ன்டார்பர் என்னும் ஆராய்ச்சியாளர், புற்றை ஒத்தும் அதன் கொடுமையின்றி மெல்ல வளர்வதாகக் கருதிப் ‘புற்றுப் போல்வது’ என்னும் பொருள்பட இப்பெயரை இட்டார். அது பிற உறுப்புக்களிற் பரவவும் வல்லதென்பதை 1929இல் அவரே எடுத்துரைத்தார்.

சிறுகுடல், குடல்வால், நுரையீரல் முதலியன இக்கட்டி தோன்றும் இடங்களாம். இதன் அணுக்கள் செரோட்டோனின் முதலிய பொருள்களைச் சுரப்பன. குடலிற் சுரப்பதைக் கல்லீரல் பெரும்பாலும் அழித்துவிடுதலால், கட்டி கல்லீரலிற் பரவிய பின்னரே முகம் திடீரெனச் சிவத்தல், வயிற்றுப்போக்கு, மூச்சிளைப்பு என்னும் குறிகள் பெரும்பாலும் தோன்றும். இவை பிற நோய்கட்கும் உரியவாதலின், ஆஸ்துமாவென்றும் குடற்கோளாறென்றும் பிறழ உணரப்படுதலும் உண்டு.

ஆயின், இதனைத் தெளிதல் எங்ஙனம்? செரோட்டோனின் சிதைந்து ஓர் அமிலமாய்ச் சிறுநீரிற் கழிகின்றது. ஆதலின் 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேர்த்து, அவ்வமிலத்தை அளந்து காண்பர். வாழைப்பழம், அன்னாசி, தக்காளி முதலியன உண்டாலும் அவ்வளவு மிகுமாகலின், சோதனைக்குச் சில நாள் முன்னரே அவற்றை விலக்குதல் வேண்டும். இரத்தத்திற் குரோமோகிரானின் ஏ என்னும் பொருளையும் அளப்பதுண்டு; வயிற்றமிலத்தைக் குறைக்கும் சில மருந்துகளாலும் அது மிகுதலின், அதனை மட்டும் கொண்டு முடிவு செய்யார்.

அடுத்து, கட்டி இருக்குமிடம் அறிதல் வேண்டும். ஸி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் இதற்கு உதவும். இவ்வணுக்களிற் பெரும்பாலானவை சோமாட்டோஸ்டாட்டின் என்னும் சுரப்பைப் பற்றும் இயல்பின. ஆதலின் அதனையொத்த பொருளொன்றிற் கதிர்வீசும் காலியம் 68ஐ இணைத்து நரம்பிற் செலுத்துவர். கட்டியுள்ள இடங்கள் பெட் படத்தில் ஒளிர்ந்து தோன்றும்.

முடிவாக, கட்டியின் சிறு துண்டை எடுத்து நுண்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்வர். பெருகும் நிலையிலுள்ள அணுக்களைக் காட்டும் கேஐ 67 என்னும் அளவு, நூற்றுக்கு 3க்குக் குறைந்தால் முதற்படி. 3 முதல் 20 வரை இரண்டாம் படி. அதற்கு மேற்பட்டால் மூன்றாம் படி. சிகிச்சையை வகுத்தற்கு இவ்வறிவு இன்றியமையாதது.

இவையெல்லாம் தொடங்குவது எங்கே? முகம் சிவக்கின்றதென்றும் வயிறு நிலைகொள்ளவில்லையென்றும் நோயாளி பலமுறை கூறுவதை, ‘இது வேறாகவும் இருக்கலாம்’ என்று ஐயுற்றுக் கேட்கும் ஒரு மருத்துவரிடத்தன்றோ? கருவிகள் எத்துணை நுண்ணியவாயினும், ஐயம் எழாதவிடத்து அவற்றைக் கொண்டு தேடுவார் இலர்.